மாத்திரை அட்டை ஒட்டியாணம்

கத்தரிக்கோல் தகரத்தாளை நறுக்கும் 'சரக்' என்ற ஓசையில்தான் அந்த வருடம் எங்கள் வீட்டில் பொழுது விடிந்தது. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டிய மாத்திரைகளை அப்பா முதலில் தானாகவே அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள், கிழிந்த தாளின் உட்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியதை அம்மா பார்த்துவிட்டாள். அதற்குப் பின் அட்டையைத் தொட அப்பாவுக்கு அனுமதியில்லை. ஓரம் சிதையாமல் அம்மாவே நறுக்கி, மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வெற்றுத்தாளை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைப்பாள். சில அட்டைகளின் தாள் வெள்ளியாக இருக்கும், சிலவற்றில் தங்கம்.

தொண்ணூறுகளின் நடுவில், மராட்டிய ஊரான நிக்டியில், ஆலைத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு பக்கத்துப் போசரியில் இரும்பு வார்ப்பட ஆலையில் வேலை. மழைக்காலத்தில் தொடங்கிய இருமல் டி.பி. என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொல்லிவிட்டாள். "யார் கேட்டாலும் நெஞ்சுச் சளின்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக் கூடாது." எங்கள் வரிசையில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். மராட்டியக்காரர்களுக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, நம்மாட்களுக்குத் தெரியக் கூடாது என்பது அம்மாவின் கணக்கு. அது எவ்வளவு சரியான கணக்கு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நான் அப்போது ராஜி டீச்சரிடம் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு ஊர்த் தமிழர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மண்டபம் பிடித்து விழா நடத்துவார்கள். அதில் எங்கள் வகுப்பின் ஆட்டம் உண்டு. நாட்டிய நகைகளை எல்லாரும் நகரத்துக் கடைகளிலிருந்து வாடகைக்கு எடுப்பார்கள். அப்பா சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் படுத்திருந்த அந்த நாட்களில் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அம்மாதான் திறந்தாள். "நகைதானே, நான் பண்றேன்" என்றாள், தோசை வார்க்கிறேன் என்பது போல.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகவில்லை. சீதாப்பழம் தின்றால் கொட்டைகளைத் துப்பாமல் கிண்ணத்தில் போட வேண்டும். கழுவிக் காயவைத்து, சூடான ஊசியால் துளைத்துக் கோத்தால் கருமணி மாலை. பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை 'பங்கார்வாலா', அதாவது பழைய சாமான்காரர், ஒரு சுருள் சும்மாவே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் 'டேக்டி' என்று எல்லாரும் சொல்லும் குன்றில் ஏறிக் குன்றிமணி பொறுக்குவோம். "வாயில வச்சுடாதே, விஷம்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருவாள். அதன் கறுப்புக் கண் தெரியாதபடி குப்புறக் கவிழ்த்து ஒட்டினால், நாட்டிய நகைகளில் பதிக்கும் சிவப்புக் கெம்புக்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. செருப்புப் பெட்டி அட்டையை வளைத்து வெட்டி, மாத்திரைத் தாளைக் கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கம் நீக்கி அதன்மேல் ஒட்டுவாள். மருந்தின் பெயர் அச்சடித்த பக்கம் உள்ளே போகும், பளபளப்பு வெளியே நிற்கும். ஓரத்தில் மடிந்து பின்பக்கம் தெரியும் எழுத்துகளை மறைக்க ரவிக்கைத் துணியை வெட்டி ஒட்டினாள்.

நெற்றிச்சுட்டி, வங்கி, மாங்காய் மாலை, ஒட்டியாணம், தலையின் இருபுறமும் வைக்கும் சூரியப்பிரபையும் சந்திரப்பிரபையும். ஒவ்வொன்றும் முடிந்ததும் அப்பாவின் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டுவாள். அப்பா கையில் வாங்க மாட்டார். துண்டால் வாயை மூடிக்கொண்டு எட்டியிருந்தே பார்ப்பார். "நான் விழுங்கினதுல இவ்வளவு தங்கமா இருந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டார். அந்த நோயின் நாட்களில் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

விழாவன்று மண்டபத்துப் பின்னறையில் நான் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு நின்றபோது, ராஜி டீச்சர் என் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கடை? வாடகை நகை மாதிரியே இல்லையே, கோயில் நகை மாதிரி இருக்கு" என்றார். மற்ற அம்மாக்களும் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டங்களில் எப்போதும் சுவரோரமாக நிற்கும் என் அம்மா, அன்று நடுவில் வந்து நின்று, "கடை இல்லை டீச்சர், நான் பண்ணினது" என்றாள். குன்றிமணி என்றாள், சீதாப்பழக் கொட்டை என்றாள். பளபளப்பது என்ன என்று கேட்டதற்கு மட்டும், "ஏதோ ஜிகினாத்தாள்" என்று சொல்லிவிட்டாள்.

லலிதா ஆன்ட்டி எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர். அவர் மகள் சுஜா என் சிநேகிதி. அப்பாவுக்கு 'சளி' என்று கேட்டு மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். என் சூரியப்பிரபை சற்றுச் சாய்ந்திருக்கிறது என்று சரிசெய்ய வந்தார். ஊசி குத்தும்போது பின்பக்கத் துணி பிரிந்து வந்தது. கல்யாணத்துக்கு முன் சேலத்தில் தன் அண்ணனின் மருந்துக்கடையில் உட்கார்ந்து பழகியவர் அவர். மடிந்திருந்த தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, உதடு அசையப் படித்தார். பிறகு அதைக் கையிலிருந்து அப்படியே கீழே விட்டார்.

"இது டி.பி. மாத்திரை இல்லையா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்கா?"

அம்மா பதில் சொல்வதற்குள் அறைக்கே தெரிந்துவிட்டது. "டாக்டர் இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு சொல்லிட்டார். மருந்து ஆரம்பிச்சு மாசக்கணக்கா ஆச்சு" என்று அம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சுஜாவை அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். என் கன்னத்தில் பவுடர் பூசிய பஞ்சை யாரோ காலால் மூலைக்குத் தள்ளினார்கள். ஒரு பெண்மணி குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

ராஜி டீச்சர் அம்மாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எல்லார் முன்னிலும் சொன்னார். "இத்தனை குழந்தைங்க மூச்சு வாங்க ஆடப்போறாங்க. அவங்க அம்மா அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அம்மா யோசிக்கவில்லை. வாதாடவும் இல்லை. என்னைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு நகையாகக் கழற்றி முந்தானையில் போட்டுக்கொண்டாள். தரையில் கிடந்ததையும் குனிந்து எடுத்துக்கொண்டாள். நாங்கள் மண்டபத்து வாசலைத் தாண்டும்போது உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. நான் நிற்க வேண்டிய இடத்தில் இடைவெளி தெரியாமல் மற்றவர்களை நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். ஒரு நிமிட வேலைதான் அது.

வீட்டில் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். "எப்படிம்மா ஆடினே?" என்று கேட்டார். "நல்லா ஆடினேன்ப்பா" என்றேன். அதற்குள் அம்மா பின்கட்டில் 'பம்ப்' என்று அங்கே சொல்லும் செம்பு வெந்நீர்க் கொப்பரையின் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அட்டையும் பசையும் கருகும் நாற்றம் வீடு முழுக்க வந்தது. "என்ன எரியுது?" என்று அப்பா குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லை, பழைய அட்டை" என்றாள் அம்மா. மறுநாள் காலையில் சாம்பலை அள்ளியபோது தாள்கள் மட்டும் எரியாமல் சுருண்டு, உருகி, சாம்பல் நிறக் கட்டிகளாகக் கிடந்தன.

அப்பா அந்த நோயால் சாகவில்லை. கோடைக்குள் குணமாகி வேலைக்குத் திரும்பினார். எடை கூடியது. மெல்ல மெல்ல எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நடந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட, அப்படி ஒன்று நடந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். அடுத்த பொங்கலுக்கு முன் ராஜி டீச்சரே வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, வாடகை நகையெல்லாம் கனம், சின்னக் குழந்தைகளுக்குத் தலை தாங்கவில்லை, போன வருஷம் பண்ணின மாதிரியே லேசாகப் பண்ணித் தர முடியுமா என்று கேட்டார். "இவளும் திரும்பக் கிளாசுக்கு வரட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அம்மா காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மாத்திரை தீர்ந்துபோச்சு டீச்சர்" என்றாள்.

அவ்வளவுதான். நான் பிறகு ஆடவில்லை. அம்மா பிறகு எதையும் செய்யவில்லை.

இப்போது அம்மா என்னோடு, நிக்டியிலிருந்து அதிக தூரமில்லாத விமான் நகரில் இருக்கிறாள். அப்பா ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் கழித்துப் போய்விட்டார். சென்ற மாதம் இங்கே ஒரு மாலில், காகிதத்திலும் விதையிலும் செய்த நகைகளைப் பரப்பி வைத்திருந்த கடைமுன் அம்மா நின்றாள். விற்கும் பெண் உற்சாகமாக, எல்லாமே தூக்கி எறிந்த பொருள்களில் செய்தது என்று இந்தியில் விளக்கிக்கொண்டே போனாள். அம்மா ஒரு கம்மலை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "மேரி மம்மி பீ..." என்று, என் அம்மாவும் இதெல்லாம் செய்தவள்தான் என்று சொல்ல நான் ஆரம்பித்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லாதே. வா போகலாம்."

சொல்லி என்ன ஆகிவிடப்போகிறது? நிக்டியில் எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் மாடிக் கட்டிடங்கள் வந்துவிட்டன. வார்ப்பட ஆலை மூடி எத்தனையோ காலமாகிறது. ராஜி டீச்சர் சென்னைக்குப் போய்விட்டார், லலிதா ஆன்ட்டி மகளோடு அமெரிக்காவில். அந்தப் பின்னறையில் இருந்தவர்களில் ஒருவர்கூட இன்று இந்த ஊரில் இல்லை. ஆனாலும் எஸ்கலேட்டரில் இறங்கும்போது, பின்னால் தமிழ் பேசுகிறவர்கள் யாராவது வருகிறார்களா என்று அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.