கூட ஏறினவர்கள்

இரும்பு என்பது எண்ணெய்க் கிடங்கில் அவருக்கு வைத்த பெயர். காய்ச்சல், தலைவலி என்று ஒருநாள் லீவு போட்டதில்லை. ஊரெல்லாம் சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது இவர் ஒரு தும்மல்கூடப் போடமாட்டார். கோபம் வந்தால் மனைவிகூட, "அந்த இரும்பு உடம்பைக் கொஞ்சம் நகர்த்துங்க, பெருக்கணும்" என்பாள். அவருக்கு அதுவும் பெருமைதான். பெருமை எங்கே கிடைத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்கிற மனிதர்.

பெட்ரோல் தொட்டிகளில் அளவெடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு தொட்டியும் நாலு மாடி உயரம் இருக்கும். சுற்றிச் சுற்றிப் போகிற படியில் ஏறி, கூரையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை உள்ளே இறக்க வேண்டும். மூடியைத் திறந்தால் ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். முகமூடி போட்டுக்கொண்டு, ஆவி மேலே படாதபடி காற்று வருகிற பக்கமாக நின்றுதான் திறக்க வேண்டும் என்பது விதி. இரும்பு முகமூடி போடாமல் குனிந்து எட்டியே பார்ப்பார். இறங்கி வந்ததும், சோதனைக்கு எடுத்த பாட்டிலில் மிஞ்சிய பெட்ரோலைக் கையில் ஊற்றித் தேய்த்து அழுக்கைக் கழுவுவார். சோப்பெல்லாம் அதற்கு முன்னால் நிற்காதாம். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே கழுவினார்கள்.

யாராவது இருமினாலோ, கிறுகிறுக்கிறது என்று உட்கார்ந்தாலோ, மேற்பார்வையாளர் விரலை நீட்டுவார். "அந்தாளைப் பாருய்யா. எத்தனை வருஷமா ஏறி இறங்கறார்! அவருக்கு என்ன ஆச்சு?" அதோடு பேச்சு முடிந்துவிடும். இரும்புக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். மைத்துனன் கொஞ்சம் பயந்த சுபாவம். ஆரம்பத்தில் முகமூடியோடுதான் படி ஏறினான். "என்ன மாப்ள, கடன்காரன் எவனாவது தேடி வந்திருக்கானா? மூஞ்சிய மூடிக்கிட்டுப் போறே?" என்று இரும்பு கீழே நின்று கத்தினார். கிடங்கே சிரித்தது. மைத்துனன் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு அதை எடுக்கவே இல்லை.

சில வருஷம் கழித்து, பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தான். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போனது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வேலையால் வந்த நோயென்றால் கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். வேலையால் வந்ததில்லை என்று கம்பெனி அடித்துச் சொன்னது. அரசாங்கத்திலிருந்து விசாரணை வைத்தார்கள்.

மேலாளர் இரும்பைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க ஒண்ணும் பேச வேணாம். வந்து நின்னாலே போதும்."

"போகாதீங்க," என்றாள் மனைவி.

"நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்? நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க நல்லா இருக்கறதைக் காட்டி அவனை வெளியே தள்ளப் பாக்கறாங்க. அது புரியலையா உங்களுக்கு?"

புரியவில்லை. பொய் சொன்னால்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். உண்மையைச் சொல்லியே ஒருத்தன் கழுத்தை அறுக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நீள மேசைக்குப் பின்னால் இரண்டு அதிகாரிகளும் ஒரு டாக்டரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர், புது வண்டியைக் காட்டி விற்கிறவர் மாதிரி அவரை முன்னால் நிறுத்தினார். அதே தொட்டி, அதே வேலை, ஆளைப் பாருங்கள் என்றார். அதிகாரிகள் பார்த்தார்கள். இரும்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"உங்ககூடத் தொட்டி ஏறினவங்க இப்ப எங்கே இருக்காங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

இதென்ன பெரிய கேள்வி என்று இரும்பு சந்தோஷமாகவே ஆரம்பித்தார். "நெட்டையன் இருந்தான். அவனால படி ஏற முடியலை, வேலையை விட்டுட்டு டீக்கடை வச்சான். அப்புறம் போய்ச் சேர்ந்துட்டான். ரத்தத்துல ஏதோ கோளாறுன்னாங்க. பாட்டுக்காரன், சதா பாடிக்கிட்டே இருப்பான். அவனுக்கும்..." கொஞ்சம் நிறுத்தினார். "அவனுக்கும் ரத்தம்தான். சோடாபுட்டி லீவுல போனான், திரும்பி வரலை."

"இவங்க யாரும் கம்பெனிக் கணக்குல இல்லையே?"

"வேலையை விட்டுட்டாங்களே மேடம்."

"உடம்பு முடியாதவங்க எல்லாம் போயிட்டா, மிச்சம் நிக்கறவங்க திடமாத்தான் தெரிவாங்க," என்றார் டாக்டரம்மா. "அப்புறம் யார்?"

எல்லோரும் விரல் நீட்டிக் காட்டியது எதற்கு என்று இரும்புக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"அப்புறம் என் மைத்துனன். நல்ல பையனா இருந்தான் மேடம். ஒழுங்கா முகமூடி போட்டுக்கிட்டிருந்தான். நான்தான் கிண்டல் பண்ணிக் கழட்ட வச்சேன்."

மேலாளர் ஏதோ சொல்ல எழுந்தார். டாக்டரம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மூன்று பேரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். வேலையால் வந்த நோய்தான், ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவானது.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு மைத்துனன் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாமா ஆச்சு?"

"ஒத்துக்கிட்டாங்க. உன்னை யாரும் வெளியே அனுப்பமாட்டாங்க."

"அட! என்ன சொல்லி மடக்கினீங்க?"

"என்கூட ஏறிச் செத்துப்போனவங்க பேரையெல்லாம் சொன்னேன்."

மைத்துனன் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. இரும்பு முதுகைத் தடவிக்கொடுத்தார். இருமல் அடங்கிய பிறகு அவன் கேட்டான்.

"என் பேரையும் சேர்த்துச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மாப்ள," என்றார் இரும்பு.