தொடர்புக்கு அக்கா

மில்லிமீட்டர் என்று அவளுக்குப் பட்டம் வைத்தவள் நான்தான். ஏதோ ஒரு சோப்பு டப்பாவின் மூடியில் இருந்த எழுத்தை மயிரிழை வலப்பக்கம் தள்ள வேண்டும் என்று, வெயிலில் என்னை அச்சகத்துக்கும் ஆபீசுக்குமாக அலைய விட்டாள். "கண்ணுக்கே தெரியாத வித்தியாசத்துக்கு ஏன்டி என் உயிரை வாங்குற?" என்றேன். "எனக்குத் தெரியுதே" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கோபம் வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும்.

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஏறும்போதே புதுத் தோல் வாசனை கூடவே ஏறி வரும். லோகோ, பெயர்ப்பலகை, பாக்கெட், விசிட்டிங் கார்டு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிற சின்ன நிறுவனம். அச்சகங்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை. வரைவதெல்லாம் பெரும்பாலும் அவள். முதலாளியை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய அப்பா படுக்கையில் விழுந்தபோது, "நீ வேலைக்கு வந்துடும்மா, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டவர் அவர். ஆஸ்பத்திரிக்குத் தன் காரை அனுப்பினார். யாரையும் திட்டமாட்டார். அதுதான் வம்பே. திட்டுகிற ஆளாக இருந்தால் ஒரு நாள் நாமும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போய்விடலாம்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். ஊருக்குச் செய்கிற வேலை முதலில்; நம் வேலை, நேரம் கிடைத்தால். அதனால் ஊரில் பாதிக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்த எங்களுக்குச் சொந்தமாக ஒன்று வெகுகாலம் இல்லை. முதல் வெப்சைட்டை மில்லிமீட்டர்தான் செய்தாள், சாப்பாட்டு இடைவேளைகளில், ஒரு கையில் ஸ்பூனும் ஒரு கையில் மவுசுமாக. ஆபீசுக்குப் புது போன் இணைப்பு அப்போது வரவில்லை. இப்படி இருந்தால் எந்த டிசைனரும் 'தொடர்புக்கு' என்ற பக்கத்தில் ஒன்பதை வரிசையாகத் தட்டி ஒரு பொய் நம்பரை வைத்துவிட்டுப் போவார். இவளுக்கு அது ஆகாது. நிஜ நம்பர் அப்படி உட்காராதாம். ஒன்று மெலிந்த எண், எட்டு பருத்த எண், எல்லாம் கலந்து வந்தால்தான் வரி எப்படி நிற்கிறது என்று தெரியுமாம். அதனால் தன்னுடைய சொந்த நம்பரைத் தட்டி அழகு பார்த்தாள்.

அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய வாடிக்கையாளர் வருவதாகத் தகவல். அண்ணா பதறிப்போய், "அப்படியே ஏத்திடும்மா, சில்லறைத் திருத்தமெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். ஏற்றினார்கள். "அண்ணா, அதுல என் நம்பர் இருக்கு" என்று அவள் சொன்னாள்தான். "இருக்கட்டும்மா, ரெண்டு நாள்தானே" என்றார். அந்த இரண்டு நாளுக்குள் அச்சகத்துக்காரன் வெப்சைட்டைப் பார்த்து விசிட்டிங் கார்டில் அதே நம்பரைப் போட்டான். கார்டைப் பார்த்து வாசல் பலகையில் போட்டார்கள். பலகையைப் பார்த்து வேனில் எழுதினார்கள். பெரிய வாடிக்கையாளர் அந்த நம்பரில்தான் முதல் ஆர்டர் கொடுத்தார். அவ்வளவுதான், அண்ணாவுக்கு அது ராசியான நம்பர் ஆகிவிட்டது. வெப்சைட்டில் அழகு பார்த்த பாவத்துக்கு அவள் போன் ஊர்ச்சொத்தாகிவிட்டது.

வேறு யாராவது என்றால் புது சிம் ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை ஆபீசுக்கே கொடுத்துத் தலைமுழுகிவிடுவார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அப்போதுதான் தம்பி விஷயத்தைச் சொன்னாள்.

அப்பாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டுப் போனவன் அந்தத் தம்பி. "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அப்பா சொல்ல, அவனும் மிதிக்கவில்லை. எங்கெங்கோ கட்டட வேலை, ஒரு ஊரில் நிலைத்து இருப்பதில்லை. நினைத்துக்கொண்டால் எப்போதாவது, வழியில் யாரிடமாவது போனை இரவல் வாங்கிக் கூப்பிடுவான். "அக்கா, நான்தான். நல்லா இருக்கேன். அவரு எப்படி இருக்காரு?" இவ்வளவுதான் பேச்சு. வேறு யாராவது எடுத்தால் வைத்துவிடுவான். உலகத்தில் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவளுடையது. அது ஆபீஸ் நம்பர் ஆன பிறகு அவன் கூப்பிடவே இல்லை.

"கூப்பிட்டிருப்பான். லைன் கிடைச்சிருக்காது. எந்நேரமும் எவனாவது லோகோ கேட்டுக்கிட்டுல்ல இருக்கான்" என்றாள்.

அதனால் போனை அவள் யார் கையிலும் கொடுப்பதில்லை. ரிசப்ஷனில் உட்காரும் பெண் கை நீட்டினாலும் இவள் பாய்ந்து எடுப்பாள். கழிவறைக்குப் போனாலும் கூடவே போகும். வரைந்துகொண்டிருக்கும்போதே, "வணக்கம், சொல்லுங்க சார், என்ன டிசைன் பண்ணணும்?" என்று தேன் தடவிய குரலில் கேட்பாள். அது அவள் குரலே இல்லை. வீட்டிலும் அதே கதை. மணி அடித்தால் படுத்திருக்கும் அப்பா தலையைத் தூக்கிப் பார்ப்பாராம். 'சொல்லுங்க சார்' என்று காதில் விழுந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாராம். வேலையை விடவும் அவளுக்கு வழியில்லை. போனோடு போனால் அண்ணாவின் பிழைப்பில் மண். போனை வைத்துவிட்டுப் போனால் தம்பி போனான். எனக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது.

போன வருஷம் அண்ணாவே ஒரு நாள், "நம்ம வெப்சைட் ரொம்பக் கிழடு தட்டிப்போச்சும்மா. புதுசாப் பண்ணு. எல்லாம் உன் இஷ்டம்" என்றார். எல்லாம் உன் இஷ்டம் என்ற வார்த்தையைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். புது சைட்டில் ஆபீசுக்குப் புது நம்பர். பலகை, வேன் எல்லாம் புதுசாக எழுத வேண்டியதுதான். கொஞ்ச நாள் பழைய நம்பருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் புதுசைச் சொல்லிவிட்டால் போதும். அப்புறம் அது அவளுடைய நம்பர் மட்டுமே.

"அப்புறம் மணி அடிச்சா, எனக்குத்தான் அடிக்கும்" என்றாள்.

இந்தத் தடவை சாப்பாட்டு இடைவேளையில் செய்யவில்லை. தினமும் காலையில் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்து செய்தாள். பக்கத்துக்குப் பக்கம் எங்கள் பழைய வேலைகளைத் தேடி எடுத்து, நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து அடுக்கினாள். அந்த சோப்பு டப்பாவும் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் எழுத்து நேராகத்தான் நின்றது. வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுத்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

காட்டுகிற நாள் வந்தது. அண்ணா, அண்ணி, நாங்கள் எல்லோரும் பெரிய திரை முன்னால் நின்றோம். அண்ணா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "இது நம்ம ஆபீஸாம்மா?" என்று கண் கலங்கினார். அண்ணி கை தட்டினாள். கடைசியாகத் 'தொடர்புக்கு' பக்கம். அண்ணா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்மா. நம்பர் மாறியிருக்கே?"

அவள் சொன்னாள். தம்பி, சண்டை, இரவல் போன், எல்லாவற்றையும். இத்தனை பேர் நடுவில் அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "அவனுக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர்ணா அது. எனக்கு அதைத் திருப்பிக் குடுத்துடுங்கண்ணா" என்றாள்.

அண்ணா அசந்துபோய் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, இத்தனை நாளா மனசுலயே போட்டுப் பூட்டி வெச்சிருந்தியா?" என்று அவள் தலையில் கை வைத்தார். ஆகா, காரியம் பலித்தது என்று நினைத்தேன். மடச்சி நான்.

"அப்போ அந்த நம்பரை மாத்தவே கூடாதும்மா! தனியா உன்கிட்ட இருந்தா, குளிக்கப் போன நேரம் பாத்து அவன் கூப்பிட்டா என்ன பண்ணுவ? இங்க இத்தனை பேர் இருக்கோம். யாராவது ஒருத்தர் எடுத்து, இருப்பா, அக்காவைக் கூப்பிடுறேன்னு சொல்ல மாட்டோமா? அவன் நம்ம வீட்டுப் பிள்ளைம்மா." பிறகு திரையைக் காட்டினார். "நம்பரை எல்லாப் பக்கத்துலயும் மேல போடு. இன்னும் பெருசா. அவன் கண்ணுலயும் படட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ரிசப்ஷன் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன சொல்லி மறுப்பது? மறுத்தால் தம்பி மேல் பாசம் இல்லாதவள் அவள். "அண்ணா, உங்க நல்ல மனசுக்கு முதல்ல ஒரு பூட்டு போடுங்கண்ணா" என்று வாய்விட்டே சொன்னேன். "நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்?" என்று அப்பாவியாகக் கேட்டார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லைதான். அதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. மில்லிமீட்டர் உட்கார்ந்து, தன் நம்பரை எல்லாப் பக்கத்திலும் மேலே ஏற்றினாள், பெரிதாக, நேராக.

புது சைட் வந்த பிறகு போன் ஓயவே இல்லை. ஒரு மத்தியானம், மவுசில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக அவள் கேட்டாள். "வணக்கம், சொல்லுங்க சார், என்ன டிசைன் பண்ணணும்?"

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் பஸ் ஹாரன். "இது... கம்பெனியாங்க?"

"ஆமா சார், சொல்லுங்க."

"இல்லங்க. எங்க அக்கா நம்பருன்னு நெனச்சேன். மாத்திட்டாங்க போல. சாரிங்க."

வைத்துவிட்டான். அவள் திரையில் எதையோ இடப்பக்கம் நகர்த்தினாள். கை பாதியில் நின்றது. "அவன்தான்" என்றாள். "என் குரல் அவனுக்குத் தெரியலடி."

உடனே திருப்பிக் கூப்பிட்டாள். யாரோ ஒரு கடைக்காரர் எடுத்தார். "ஒருத்தர் போன் கேட்டாரும்மா, குடுத்தேன். பஸ் ஏறிட்டாரே."

"எப்படி இருந்தாரு? மெலிஞ்சிருந்தாரா?"

"நான் என்னத்தம்மா கண்டேன்? வர்றவன் போறவன் எல்லாரையுமா பாத்துக்கிட்டு இருக்கேன்?"

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன், கண்டபடி திட்டிக்கொண்டே அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெப்சைட்டைத் திறந்தாள். யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஆபீசில் முதல் தடவையாக, தன் முகத்தைப் படம் பிடித்து நம்பருக்குப் பக்கத்தில் வைத்தாள். கீழே ஒரு வரி எழுதினாள்: 'நம்பர் மாறவில்லை. எடுப்பது அக்காதான்.' அவன் எங்கேயாவது, யாருடைய போனிலாவது, இதைப் பார்க்க மாட்டானா என்று.

மறுநாள் அண்ணா பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். "அடடா, என்ன ஒரு வரிம்மா! வீட்டுல பேசுற மாதிரி இருக்கு. இதையே பலகையிலயும் வேன்லயும் எழுதிடலாம்." எழுதியும்விட்டார். ஊருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்போது சார், மேடம் எல்லாம் போய்விட்டது. கூப்பிடுகிறவன் எல்லாம் எடுத்த எடுப்பில், "அக்கா, நான்தான்" என்கிறான்.

ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து நின்றுவிடுகிறாள். "அக்கா, நான்தான், அந்த பிஸ்கட் பாக்கெட் விஷயமாப் பேசினேனே" என்று கூப்பிட்டவன் தொடர்ந்த பிறகுதான், மெல்ல உட்கார்ந்து, "சொல்லுங்க தம்பி" என்கிறாள்.