கால் பட்டதற்குத் தண்டனை இல்லை

ஆட்டக்களத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரோலர் டெர்பியில் தப்பு செய்தவர் போய் உட்கார வேண்டிய இடம் அது. முப்பது விநாடி உட்கார வேண்டும். முப்பது விநாடிதானே என்று கேட்பவர்கள், தன் அணி ஓர் ஆள் குறைவாக அடிவாங்குவதை உட்கார்ந்தபடி ஒருமுறை பார்க்க வேண்டும். அதிலும் நான் போய் உட்கார்ந்த காரணம் இருக்கிறதே, வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்பது என் வேலை. வாடிக்கையாளர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்கி விளக்கியே எனக்குப் பாதித் தொண்டை போய்விட்டது. முட்டை வடிவத்தில் ஒரு பாதை. நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு அதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஓர் அணிக்கு ஐந்து பெண்கள், எல்லோர் காலிலும் சக்கர ஷூ. ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவள் ஜாமர். அவள் கூட்டத்தைப் பிளந்து ஒரு சுற்று வந்துவிட்டு, அடுத்த சுற்றிலிருந்து எதிரணியில் எத்தனை பேரைக் கடக்கிறாளோ அத்தனை புள்ளி. மீதி நால்வரும் பிளாக்கர்கள், எதிரணி ஜாமரை மறிக்க வேண்டும். நான் பிளாக்கர். தோளாலும் இடுப்பாலும் எவ்வளவு வேண்டுமானாலும் இடிக்கலாம். முதுகில் இடித்தால் தப்பு. காலை விட்டு ஆளை விழத்தட்டினால் தப்பு. கையால் தொட்டு ஆளைத் தடுமாற வைத்தால் தப்பு. ஏழு தப்பு சேர்ந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

என் வினை அந்தக் கையில்தான் இருந்தது. பத்துப் பேர் ஒட்டிக்கொண்டு உருளும்போது ஷூவும் ஷூவும் உரசாமல் இருக்குமா? உரசினால் தப்பில்லை, யாரும் விழாதவரை. ஆனால் என் கால் இன்னொருத்தி மேல் பட்ட அடுத்த நொடியே, என்னைக் கேட்காமல் என் கை போய் அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். பஸ்ஸில் கால் பட்டாலும் அப்படித்தான், கடையில் பில் புத்தகத்தில் பட்டாலும் அப்படித்தான். முப்பத்தாறு வருடப் பழக்கம். ஓடிக்கொண்டிருப்பவள் முதுகில் திடீரென்று ஒரு கை பட்டால் அவள் தடுமாறத்தானே செய்வாள்? உடனே விசில். மிதித்ததற்குத் தண்டனை இல்லை, மன்னிப்புக் கேட்டதற்குத் தண்டனை. என்ன கண்றாவி விதி இது என்று நான் கத்தாத நாளில்லை. இதை எழுதியவர்களுக்குக் கால் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாருமே சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் கேப்டன் ஜலகண்டாபுரத்துக்காரி. பெங்களூரில் பிசியோதெரபி படித்தபோது இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து, எங்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்தவள். மல்லசமுத்திரம் போகும் வழியில் ஒரு மில் குடோனின் சிமெண்டுத் தரையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பயிற்சி. என் கையைத் திருத்த அவள் செய்யாத வித்தை இல்லை. கடைசியில் கைக்கொரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, கீழே போடாமல் ஓடச் சொன்னாள். நான் பழத்தோடு சேர்த்தே தொட்டுக் கும்பிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பழத்தை வீசியெறிந்துவிட்டு ஷூவைக் கழற்றப் போனேன்.

ஷூவைக் கழற்றும் பேச்சு வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் லாரி பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறார். அவருக்கும் கிடைப்பது அந்த ஒரே ஞாயிறுதான். மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தார். சேலத்தில் தேர்வுப் போட்டி, ஜெயிக்கும் அணி அப்படியே தேசியப் போட்டிக்குப் போகும் என்று நான் சொன்ன அன்றைக்கு, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"இந்த ஒரு தடவ ஆடு. தேறலீன்னா அந்தச் சக்கரத்தக் கழட்டி வெச்சுரு."

கோபத்தில் நானும் சரிங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வாரம் முழுக்க வாங்க, என்ன வேணுங்க, இருக்குங்க என்று நிற்கிற எனக்கு, ஒருத்தியை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நிற்க அந்தக் குடோன் ஒன்றுதான் இருந்தது. அதை ஒரு வார்த்தையில் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

போட்டி நாளன்று அவரும் வந்து பார்வையாளர் படியில் உட்கார்ந்துகொண்டார். எதிரணி சேலத்துப் பெண்கள். அவர்களுடைய ஜாமர் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்தவள், இருபது வயதுகூட இருக்காது. மீன் மாதிரி நழுவினாள். முதல் பாதி முடிவதற்குள் நான் நான்கு முறை நாற்காலிக்குப் போய்விட்டேன். அதில் மூன்று, தொட்டுக் கும்பிட்டதற்கு. இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு. ஆறாவது முறை உட்கார்ந்திருந்தபோது என் வலது கையை இடது கையால் நறுக்கென்று கிள்ளினேன். நேரம் கணக்குப் பார்த்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கடைசி ஓட்டம் வந்தபோது நாங்கள் நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். அந்தச் சூரமங்கலத்துப் பெண் முதலில் கூட்டத்தைக் கடந்துவிட்டாள். அப்படி முதலில் கடந்த ஜாமர் தன் இடுப்பை இரண்டு கையாலும் தட்டினால் ஓட்டம் முடிந்துவிடும். கடிகாரம் முடியும்வரை சும்மா சுற்றிவிட்டுத் தட்டினால் போதும், ஜெயித்துவிடுவாள். எங்கள் ஜாமர் இன்னும் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தாள். இருபது விநாடி இருந்தது. படியில் என் வீட்டுக்காரர் எழுந்து நிற்பது தெரிந்தது. கிளம்பத்தான் எழுந்தார் என்று நினைத்தேன்.

சூரமங்கலத்துப் பெண் ஒரு சுற்று முடித்து என் பின்னால் வந்தாள். நான் மறித்தேன். அவளுடைய சக்கரம் என் குதிகாலில் இடித்தது. பெரிய இடியெல்லாம் இல்லை, நான் அசையக்கூட இல்லை. அடுத்த நொடி என் தோள்பட்டையில் விரல்நுனி பட்டது, பூப் போல.

எனக்குத் தெரியாதா அது என்னவென்று? உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

நான் விழுந்தேன். யாரும் தள்ளவில்லை, நானாகத்தான் விழுந்தேன். முழங்கால் காப்பு தரையில் சறுக்க, ஐயோ என்று ஒரு சத்தமும் கொடுத்தேன். விசில் ஒலித்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் இரண்டு விரலைக் கண்ணில் ஒற்றியபடி நின்றிருந்தாள். நடுவர் நாற்காலியைக் காட்டினார். தண்டனை வாங்கிய ஜாமருக்கு இடுப்பைத் தட்டும் உரிமை போய்விடும்; தட்ட ஆளில்லாவிட்டால், கடிகாரம் முடிந்தாலும் அந்த ஓட்டம் தன் இரண்டு நிமிடம் முடியும்வரை நடக்கும். அவள் உட்கார்ந்திருந்த முப்பது விநாடியில் எங்கள் ஜாமர் வெளியே வந்து இரண்டு சுற்று சுற்றிவிட்டாள். எங்களுக்கு எட்டுப் புள்ளி. ஜெயித்துவிட்டோம்.

கேப்டன் என்னைக் கட்டிக்கொண்டு தூக்கினாள், கடைசியில் உன் கை அடங்கிவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்காரர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "செரி, செயிச்சுட்ட. போய்ட்டு வா" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது, கேப்டன் மேல் வந்தது, விதி எழுதியவர்கள் மேல் வந்தது. வரவேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் வந்தது. ஒரு மூலையில் உட்கார்ந்து ஷூ நாடாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் வெறுங்காலோடு நடந்து வந்து என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"அக்கா, கால் பட்டதுல கீழ உழுந்துட்டீங்க. ரொம்ப வலிக்குதுங்களா?"

அவளுக்குத் தன் கை தப்பு செய்தது என்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. கால் பட்டதற்குத்தான் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். என் பதிலுக்குக் காத்திராமல் குனிந்து, என் குதிகாலைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வலிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.