தூக்காத கை

பிளக் பாயின்ட் ஓட்டையில் இரண்டு ஒயர் நுனியைச் சொருகி, நழுவாமல் இருக்க இரண்டு தீக்குச்சியை முறித்து இடுக்குகிற ஆள்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் தஞ்சாவூரில் என் வீட்டுக் குளியலறைத் தரையை உடைக்க வந்தவர் அதைத்தான் செய்தார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "ஒரு அரை மணி நேர வேலைக்கு எதுக்கு மேடம் இவ்வளவு டென்ஷன்?" என்று அந்த மனிதர் கேட்டார். எதற்கு என்று அவருக்குச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அந்தத் தீக்குச்சியால் ஒன்பது வயதில் அறை வாங்கியவள் நான். ஒரு அறையோடு முடிந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். இருபது வருடம் ஆகப்போகிறது, என் பெயர் இன்னும் ஊரில் மீண்ட பாடில்லை.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். கல்யாணத்துக்காக மூன்று மாத லீவில் வந்திருந்தார். சீர்காழியில் பெண் பார்த்துப் பிடித்துப்போனது. அவர்கள் தரப்பில் ஒரே ஒரு கோரிக்கை. வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் வேண்டும். எங்கள் வீட்டில் அது கொல்லைக் கோடியில், தென்னைக்கு அப்பால் இருந்தது. மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் அம்மா பத்து வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள், அவளுக்காக யாரும் ஒரு செங்கல்லை நகர்த்தியதில்லை. சீர்காழிக்காரர்கள் வாய் திறந்ததும் வீடே எழுந்து நின்றது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பெண் வீட்டு ஜோசியர், மாப்பிள்ளைக்கு இருபத்தொன்பது வயதில் ஒரு கண்டம் இருக்கிறது, உயிர் பிழைத்தால் மறுபிறப்பு என்று சொல்லியிருந்தார். சித்தப்பாவுக்கு அப்போது இருபத்தொன்பது. அப்பா இரண்டு முறை பஸ் ஏறிப் போய், அதெல்லாம் நாலு மாதம் முன்னாலேயே ஒரு ஜுரத்தோடு கழிந்துவிட்டது என்று பேசிச் சமாளித்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் அவர்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் பாத்ரூமுக்குச் சுவராவது எழும்பியிருக்க வேண்டும்.

பாத்ரூமுக்கு என்று பார்த்த இடத்தில் விதைத் தொட்டி இருந்தது. கொல்லைக் கதவை ஒட்டி, வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டிய காங்கிரீட் தொட்டி. வருடா வருடம் குறுவைக்கு விதைநெல்லை அதில்தான் ஊறவைப்பார்கள். அதை உடைக்க ஆள் வைக்கலாம் என்று அப்பா சொன்னார். சித்தப்பா சிரித்தார்.

"ஆள் எதுக்குண்ணே? அங்க நாங்க பிரேக்கர்ல ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவோம்."

பிரேக்கர் என்பது காங்கிரீட்டைக் குத்தி உடைக்கிற கரண்ட் மெஷின். குத்தாலத்தில் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி எடுத்துவந்தார். ஆடு அளவுக்கு இருந்தது. அதன் ஒயரில் பிளக்கே இல்லை. மூன்று நுனிகள் மொட்டையாகத் தொங்கின.

சித்தப்பாவின் பெட்டியில் சிங்கப்பூரிலிருந்து வந்த சாமான்கள் இருந்தன. மஞ்சள் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். வந்த நாளிலிருந்து எங்களுக்கு அதே பாடம்தான். அங்கே இவை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், தினமும் காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொல்வார்கள், உன் உயிர் உன் கையில் என்று. அந்த ஹெல்மெட்டை யாரும் தொடக் கூடாது. நான் ஒரு முறை தலையில் வைத்துப் பார்த்ததற்கு, பிடுங்கிக்கொண்டு பழிப்புக் காட்டினார். அது அவருடைய வழக்கம். பல் எல்லாம் தெரிய வாயை இளித்து, கண்ணை முட்டை மாதிரி பிதுக்கி, தலையை ஆட்டுவார். நானும் பதிலுக்கு நாக்கை நீட்டுவேன். எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சைவிட அதுதான் அதிகம்.

உடைக்கிற நாள் அன்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னை ஏற்றி நிறுத்தினார். எங்கள் வீடு வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர், கூடத்தில் நின்றால் கொல்லைக் கதவு வழியாகத் தொட்டி தெரியும்.

"நான் வலது கையத் தூக்குனா டக்குனு மெயின எறக்கிடணும். தூக்காம எறக்கக் கூடாது. வேலை நேரத்துல வெளாட்டு கூடாது. என்ன?"

"சரி சித்தப்பா."

மூன்று முறை சொல்லவைத்தார். அங்கே இதற்கென்றே ஒரு ஆள் நிற்பானாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு லீடராகக்கூட என்னை யாரும் போட்டதில்லை.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அன்று காலையில்தான் விதை மூட்டைகளைத் தொட்டியிலிருந்து எடுத்து, முளைகட்டுவதற்கு வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். தொட்டித் தண்ணீரை அப்படியே திறந்துவிட்டதில் கொல்லை முழுக்கச் சதசதவென்று இருந்தது. "தரை கொஞ்சம் காயட்டுமே, சாயங்காலம் பண்ணிக்கலாம்" என்று அம்மா சொன்னாள். வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கையை உதறினாள்.

"பத்தரைக்கு நல்ல நேரம். விட்டா அப்புறம் ராகுகாலம். நல்ல காரியத்துக்குத் தரை காயற வரைக்கும் ஒக்காந்திருக்க முடியுமா?"

மெஷினுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார்கள். பூச்சரம் சுற்றினார்கள். எலுமிச்சம்பழம் ஒன்றை உளிக்கு அடியில் வைத்தார்கள். அத்தை கற்பூரம் காட்டினாள். சித்தப்பா பூட்ஸைக் கழற்றி வாசற்படியில் வைத்தார். பூஜை போட்ட சாமான் முன்னால் செருப்புக் காலோடு எப்படி நிற்பது? கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையுறையைக் கழற்றினார். கழற்றியவர் திரும்பப் போடவில்லை, விபூதி பூசிய கையோடு மெஷினைத் தூக்கிவிட்டார். உயிர் உன் கையில் என்று வந்த நாளிலிருந்து பாடம் நடத்திய மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, சேற்றில் நின்றார். சிங்கப்பூர்ப் பாடத்தில் மிச்சம் இருந்தது தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் கண்ணை ஒட்டிய கண்ணாடியும்தான்.

ஒயரை அறைக்குள் இருந்த பிளக்கில் தீக்குச்சி வைத்துச் சொருகினார். மூன்றாவது, பச்சை ஒயர், மீந்துபோனது.

"இத என்னடா பண்றது?" என்று அப்பா கேட்டார்.

"அது சும்மாண்ணே. அது இல்லாமலேயே ஓடும்."

ஓடத்தான் ஓடியது. ஆள் பிழைப்பதற்குத்தான் அந்தப் பச்சை ஒயர் என்று அங்கே இருந்தவர்களில் ஒருவருக்குத் தெரியும். தெரிந்தவர்தான் அதை மடக்கிவிட்டார்.

சில்லு தெறிக்கும் என்று அப்பாவையும் அத்தையையும் தனக்குப் பின்னால் பத்தடி தள்ளித் தென்னைக்கு அடியில் நிற்கச் சொன்னார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். சித்தப்பா வீட்டைப் பார்த்து நின்றபடி தொட்டியின் விளிம்பில் உளியை வைத்தார். அவர் முகம் தெரிகிற இடத்தில் நின்றவள் நான் ஒருத்திதான்.

மெஷின் அலறத் தொடங்கியது. கூடத்து அலமாரியில் டம்ளர்கள் ஆடின. முதல் சில்லு பெயர்ந்து விழுந்ததும் அத்தை ஏதோ கூவியது கேட்டது. நான் கண் கொட்டாமல் அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விளிம்பு முழுக்க உடைந்தது. தொட்டியின் அடியில் தேங்கியிருந்த தண்ணீர் அவர் கால் பக்கம் ஓடிவந்தது. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டினார்.

பல் எல்லாம் தெரிந்தது. கண்ணாடிக்குள் கண் பிதுங்கியது. ஹெல்மெட்டோடு தலை ஆடியது. நான் வழக்கம்போல நாக்கை நீட்டினேன். அவர் நிறுத்தவில்லை. உளி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. பல்லை இளித்தபடியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை நேரத்தில் விளையாடக் கூடாது என்று என்னை மூன்று முறை சொல்லவைத்துவிட்டு இவர் மட்டும் விளையாடலாமா? என்னை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தியதே கேலிக்குத்தானா? கை தூக்கவில்லைதான். தூக்காவிட்டால் போகட்டும் என்று மெயினைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினேன்.

சத்தம் நின்றது. மெஷின் சரிந்து அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. சித்தப்பா பின்பக்கமாகச் சேற்றில் விழுந்தார். அப்பாவும் அத்தையும் ஓடிவந்து பார்க்கும்போது காலில் ரத்தம், கூடத்தில் மெயின் பக்கத்தில் நான். வேறென்ன வேண்டும்?

"யாரக் கேட்டுடி அணைச்ச?" என்று அப்பா கத்தினார். "கையத் தூக்குனானா அவன்?"

"தூக்கல. பழிப்புக் காட்டுனாங்க."

அப்பா என்னை அதுவரை அடித்ததில்லை. அன்று அறைந்த அறையில் ஸ்டூலிலிருந்து இறங்கினேனா விழுந்தேனா என்று தெரியவில்லை. "நல்ல காரியம் ஆரம்பிச்ச நேரத்துல இப்புடி பண்ணிட்டாளே, பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வன்மமா!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தன. அம்மா கொடுத்த சொம்பை அவரால் பிடிக்க முடியவில்லை, அவளே வாயில் ஊற்றினாள். ரொம்ப நேரம் கழித்து, "திடீர்னு கரண்டு நின்னுச்சா, தடுமாறிட்டேன்" என்றார். அவ்வளவுதான். கேஸ் முடிந்தது.

மெஷினை அன்று மத்தியானமே கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். சரியில்லாத மெஷின் என்றார். மறுநாள் இரண்டு ஆள்கள் சம்மட்டியோடு வந்து மூன்று நாளில் தொட்டியை உடைத்தார்கள். சீர்காழியிலிருந்து வந்தார்கள், பார்த்தார்கள், மாப்பிள்ளை காலில் கட்டு என்னவென்று கேட்டார்கள். "எங்க வீட்டுப் பொண்ணு பண்ண வெளாட்டு" என்று அத்தை என்னைக் கூப்பிட்டே காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

வந்த சித்தி நல்லவள்தான். ஆனால் எந்த விசேஷத்திலும் நான் தலைகாட்டினால் போதும், "மெயின எறக்குன மகராசி வந்துட்டாங்க, சுவிட்சு பக்கம் விடாதீங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். சித்தப்பாவின் வளராத கட்டைவிரல் நகத்தைச் சாட்சிக்குக் காட்டுவாள். என் கல்யாணத்தில் என் மாமியார் காதிலும் அதைப் போட்டாயிற்று. சித்தப்பா ஒரு தரமாவது வாயைத் திறக்க வேண்டுமே! எழுந்து வெளியே போய்விடுவார். நான் செய்தது வன்மம்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கோபத்தில்தானே இறக்கினேன்?

போன மாதம் கண் பரிசோதனைக்காகச் சித்தப்பா என் வீட்டில் வந்து தங்கியிருந்தார். பிளக் போடாமல் தொடக் கூடாது, பச்சை ஒயர் இல்லாமல் மெஷின் ஓடக் கூடாது, தரை துடைத்துக் காய வேண்டும், ஷூ இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று நான் அந்த வேலைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் சோபாவிலிருந்து எழுந்தார். தீக்குச்சி இடுக்கிய பிளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து போய் என் வீட்டு மெயினை அவரே இறக்கினார். மின்விசிறி சுற்றி அடங்கியது.

வேலைக்காரர் பிளக் வாங்கக் கடைக்குப் போனதும் சித்தப்பா சொன்னார்.

"அன்னிக்கு ஷாக்கும்மா. கை மெஷினோட ஒட்டிக்கிச்சு. உன்னையே பாக்குறேன், கையத் தூக்கணும்னு பாக்குறேன். தூக்க முடியல."

நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

"ஏன் சித்தப்பா சொல்லல? எங்கப்பா அடிச்சாரே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"சொன்னா கண்டம்னு கல்யாணத்த நிறுத்தியிருப்பாங்க. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் உங்க சித்தி அத ஒரு கதையா ஆக்கிட்டா." தலையைக் குனிந்துகொண்டார். "ஹெல்மெட்ட உன்கிட்டதானே குடுத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கொடுத்தார், ஆமாம். அறை வாங்கின மறுநாள் காலையில், வீங்கின கன்னத்தோடு நான் உட்கார்ந்திருந்தபோது, யாரையும் தொட விடாத அந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் தலையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். அடி வாங்கினவளுக்குத் தொப்பி மாட்டிக் கேலி செய்கிறார் என்று நான் அதைக் கழற்றி எருக்குழியில் எறிந்தேன். அம்மா எடுத்துக் கழுவிக் கோழிக்குத் தவிடு வைத்தாள். அவர் லீவு முடிந்து போகும் வரை கோழிகள் அதில்தான் தின்றன. அவர் பார்த்துக்கொண்டே போவார், வருவார்.

சித்தியிடம் இப்போதே போன் போட்டுச் சொல்லுங்கள் என்று போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் சித்தி எடுத்துவிட்டாள், "என்னங்க, கண்ணுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்பது எனக்கே கேட்டது. அவர் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. தொட்டி உடைத்த நாளுக்குப் பிறகு சித்தப்பா எனக்குப் பழிப்புக் காட்டியதே இல்லை. ஒரு முறைகூட இல்லை. நான் நாக்கை நீட்டிக்கொண்டு எதிரே போய் நிற்பேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்மேல் இன்னும் கோபம் என்று நினைத்துக் கொஞ்ச நாளில் நானும் நிறுத்திவிட்டேன்.