சேனை வைத்த கை

சென்ற கோடையில், செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். என் மனைவி காலமாகிவிட்டாள். மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை. மகளைக் கவனித்துக்கொள்ள நான் மட்டும்தான்.

பேரனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, சேனை வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு அம்மாள் என்னை அழைத்தார். குழந்தையின் நாக்கில் முதலில் இனிப்பு தொட்டு வைப்பவரின் குணம்தான் அதற்கு வரும் என்பார்கள். "சார் மாதிரி பொறுமையா வளரட்டும். எங்க வீட்டுக்காரர் வெச்சா புள்ள கத்தியே தெருவைக் கூட்டிடும்" என்று சிரித்தார். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஆனாலும் உள்ளூரப் பெருமை. ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பால் கொடுத்துக் களைத்து மகள் கண்ணயர்ந்ததும் பேரன் மறுபடி அழுவான். அவளை எழுப்ப மனம் வராமல், ஒருநாள் பாலாடைக் கிண்ணத்தில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினேன். உடனே தூங்கிவிட்டான். நம் கைக்கு ராசி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் அழும்போதெல்லாம் அதையே செய்தேன். மகளிடம் சொல்லவில்லை.

சில நாட்களில், அவள் மடியில் கிடத்தினாலே பால் குடிக்காமல் தூங்கிப்போனான். துணி நனைவது குறைந்தது. முகத்தில் மஞ்சள் பூத்தது. ஒரு காலையில் உள்ளங்காலைச் சுண்டியும் கண் திறக்கவில்லை.

ஆட்டோவில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெரிய சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. "எனக்குப் பாலே இல்லப்பா. பிள்ளைய பட்டினி போட்டுட்டேன்" என்று மகள் விம்மினாள். "அழுவாதம்மா, கொயந்தய கெட்டியா புட்ச்சிக்கோ. தோ, வந்துட்ச்சி" என்று ஓட்டுநர் சந்துக்குள் திருப்பினார். நான் புகட்டிய சர்க்கரைத் தண்ணீர் நினைவில் உறுத்த, பேரனின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா குழந்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "தாய்ப்பால் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்றார்.

"எதுவும் இல்ல டாக்டர்" என்றாள் மகள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் குறை தன் உடம்பில்தான் என்று அவள் காலமெல்லாம் நம்பிவிடுவாளே.

"நான் குடுத்தேன்... சர்க்கரைத் தண்ணி."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அதுலயே வயிறு ரொம்பிடும் சார். அப்புறம் குழந்தை பால் குடிக்காது. குடிச்சாத்தானே பால் ஊறும்? ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணிகூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை உடனே வார்டில் சேர்த்தார்.

சிகிச்சையில் அவன் கொஞ்சம் தெளிந்ததும், ஒரு நர்ஸ் மகளுக்குப் பின்னால் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தார். குழந்தையை வெற்று மார்போடு அணைத்து, அவன் வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து கொடுக்கச் சொன்னார். திரைக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு மகளின் குரல்: "சிஸ்டர், முழுங்குறான்! சத்தம் கேக்குது!"

பேரன் இப்போது தத்தித் தத்தி நடக்கிறான். மகள் என்னிடம் பழையபடிதான் பேசுகிறாள். ஆனால் அவனைத் தூக்க நான் குனியும்போது, அவள் பார்வை ஒரு கணம் என் கைக்கு வந்து போகும். அது நியாயம்தான் என்று, வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டே அவனைத் தூக்குகிறேன்.