எண்ணூற்றுப் பன்னிரண்டு மிளகுக் கன்றுகளும் ஒரு லென்ஸும்

2023 செப்டெம்பர் 5, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மார்ஜரிக்கு வந்த கோபம் பதினேழு நாளாகியும் தணியவில்லை. அது வந்த இடம் ரத்தோட்டைக்கு மேலே, மூடுபனி இறங்கும் ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் வீதியோரத்தில் இருக்கும் அவளுடைய சொந்த மிளகு நாற்றுமேடை. வரவழைத்தவன் ஷெல்டன். கன்றுகளைப் பார்த்து, விற்கலாம் என்று சான்று எழுதிக் கொடுக்கும் கள உத்தியோகத்தன். வயது முப்பத்தொன்று.

முதல் பாத்தியில் ஓர் இளங்கொழுந்தைப் புரட்டிப் பார்த்தான் ஷெல்டன். இலையின் அடிப்பக்கத்தில் குண்டூசி முனையைவிடச் சிறியதாக, வெள்ளை வெள்ளையாய் மணிகள் மின்னின.

"முட்டை."

"என்ன முட்டைங்க சேர்?"

"பூச்சி முட்டை மிஸ். பாருங்களேன், எப்படி ஒட்டி வச்சிருக்குனு."

"அது முட்டை இல்லீங்க சேர். கொழுந்துல எப்பவும் வர்றதுதான். செடியே போடுது. ஒம்பது வருசமா பாக்குறேன், ஒண்ணுல இருந்தும் ஒரு பூச்சி வெளிய வந்ததில்ல."

"செடி முட்டை போடுதா?" ஷெல்டன் சிரித்தான். "அப்ப நெழல் வலைக்குப் பதிலா கோழிக்கூடு கட்டுங்க மிஸ்."

பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தது. அதை அவன் வெளியே எடுக்கவே இல்லை. மார்ஜரி தன் பழைய கெமராவை ஓடிப் போய் எடுத்துவந்து, போன மாதம் அந்த மணிகளைப் பிடித்த படத்தைத் திரையில் காட்டினாள். சாதாரண லென்ஸில் எடுத்தது. பச்சை நிறத்தில் ஒரு கலங்கல், அதில் இரண்டு வெள்ளைத் திட்டு.

"இதுல மூடுபனிதான் தெரியுது. ரிவர்ஸ்டன்ல எடுத்ததா?" என்றான். பிறகு பதிவுப் புத்தகத்தில் எழுதினான்: அ பாத்தி, 812 கன்றுகள், பூச்சி முட்டை, அழிக்க வேண்டும். மற்றப் பாத்திகளிலிருந்த 2,388 கன்றுகளைப் பிரித்து வைக்க வேண்டும், 22ஆம் திகதி மறுபடி பார்த்து முடிவு சொல்வான். அவற்றிலும் முட்டை பொரித்திருந்தால் நாற்றுமேடையின் பதிவே போய்விடும். கன்றுகளுக்குச் சொல்லிவைத்திருந்த உக்குவளைத் தோட்டக்காரர்கள் ஒக்டோபர் மழைக்குக் குழி வெட்டிவைத்துக் காத்திருந்தார்கள்.

மார்ஜரி பிறந்தது 1972இல், மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தாயின் கொழுந்துக் கூடையை நிறுவையில் வைத்த மறுநொடியே, உள்ளே கைவிட்டுப் பார்க்காமலே, "முத்தின எல" என்று இரண்டு கிலோ கழித்த கணக்கப்பிள்ளையை அவள் ஏழு வயதில் பார்த்திருக்கிறாள். பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களை அன்றிலிருந்தே அவளுக்கு ஆகாது. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தாள். தோட்டத்து லொறிச் சாரதி ரபாயேலை 1996இல் மாத்தளைத் தேவாலயத்தில் கைப்பிடித்தாள். 2014இல் அறுபது மிளகுத் தண்டுகளோடு இந்த நாற்றுமேடையைத் தொடங்கினாள். கெமரா வந்தது பிறகுதான். கன்றுகளுக்கிடையில் வாழும் சிலந்தி, கும்பிடுபூச்சி, பாசியின் காம்பில் நிற்கும் துளிக் கிண்ணங்கள் என்று அகப்பட்டதையெல்லாம் படம் பிடிப்பாள். பிடித்த திகதியையும் பாத்தி எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பாள்.

வியாழக்கிழமை, 7ஆம் திகதி, அந்த மணிகளைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் தேடி அவள் மாத்தளைக்குப் பஸ் ஏறினாள். கையில் ஈரத் துணியில் சுற்றிய ஒரு மிளகுக் கொப்பும் ஓர் இரும்பு அடிமட்டமும் இருந்தன. கல்யாணப் படம் எடுக்கும் ஹுஸ்னியிடம்தான் அந்தக் கெமராவைப் பழசாக வாங்கியிருந்தாள். அறுபது வயதுக்காரரான அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். ஹுஸ்னி கடையின் கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு சூம் லென்ஸை எடுத்து வைத்தார்.

"கிட்டப் போய்ப் பெருசா எடுக்குற மேக்ரோன்னு மேலயே எழுதியிருக்கு தங்கச்சி."

மார்ஜரி அதைக் கெமராவில் பூட்டி, எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு போய் அடிமட்டத்தைப் படம் எடுத்தாள். படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எண்பத்திரண்டு மில்லிமீற்றர் தெரிந்தது.

"நானா, என் கெமராவுக்குள்ள படம் விழுற தகடு இருபத்திரண்டு மில்லிமீற்றர் அகலம். அடிமட்டத்துலயும் இருபத்திரண்டுதான் தெரியணும். அப்பதான் பொருள் அதே அளவுல தகட்டுல விழுது. இது நாலுல ஒண்ணு. எழுதினவன் பொய் எழுதியிருக்கான்."

"ஏன் என்மேல பாயிறீங்க? என் கையாலயா எழுதினேன்?"

"விக்கிறது நீங்கதானே!"

ஹுஸ்னி தலையைச் சொறிந்துகொண்டு இன்னும் இரண்டை எடுத்தார். அறுபது மில்லிமீற்றர் மேக்ரோ ஒன்று, நூறு மில்லிமீற்றர் மேக்ரோ ஒன்று. இரண்டிலும் அடிமட்டம் சரியாக இருபத்திரண்டு காட்டியது. அறுபது சின்னது, பாரமில்லாதது, புதிது. நூறு பழையது, விளிம்பில் கீறல்.

"அறுபதைக் கொண்டுபோங்க. கைக்கு லேசு."

மார்ஜரி கொப்பை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, இலையின் அடிப்பக்கத்தைக் கூர்மையாக்கி, லென்ஸின் முகத்துக்கும் இலைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தாள். அறுபதில் ஒன்பது சென்டிமீற்றர்; லென்ஸின் நிழலே இலையை மூடியது, அசைந்தால் அடுத்த கொப்பில் இடித்தது. நூறில் பதினான்கரை. அந்த ஐந்தரைச் சென்டிமீற்றருக்குள் வெளிச்சம் நுழைந்தது.

"நூறைத் தாங்க. நடுவுல போடுற வளையமும் ஒண்ணு தாங்க."

வளையத்தைக் கெமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பூட்டியதும் அடிமட்டத்தில் பதினைந்து மில்லிமீற்றர்தான் தெரிந்தது. அரை மில்லிமீற்றர் மணியைப் பார்க்க அது போதும்.

"இந்தப் பூச்சி புழுவுக்கா இவ்வளவு பாடு?"

"பூச்சி இல்லேனு காட்டத்தான் நானா இந்தப் பாடு."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் போனைப் பார்த்தாள். ரபாயேலிடமிருந்து 11.40க்கு ஓர் அழைப்பு, 11.52க்கு ஒன்று. எடுக்காமல் விட்டிருந்தாள். திருப்பி அழைத்தபோது பதில் இல்லை.

வீதித் திருப்பத்தில் இறங்கும்போதே புகை வந்தது. பச்சைச் செடி எரியும், கண்ணைக் கரிக்கும் புகை. அ பாத்தி வெறும் மண்ணாய்க் கிடந்தது. பொலித்தீன் பைகள் ஒரு பக்கம் குவிந்திருக்க, 812 கன்றுகளும் தென்னை மட்டைகளுக்கு மேலே கருகிக்கொண்டிருந்தன. ரபாயேல் கம்பால் கிளறிக்கொண்டு நின்றார்.

"அந்த சேர் போன் பண்ணினாரு மார்ஜரி. இந்தப் பாத்திய இன்னைக்கே கொளுத்திட்டா மத்தத சட்டுனு பாஸ் பண்ணிர்றேன்னாரு. ஒன்னக் கேக்க ரெண்டு தரம் எடுத்தேன்."

"மூணாவது தரம் எடுத்தா கை ஒடிஞ்சு போயிருமா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்..."

"கொளுத்துனது கன்னு இல்லீங்க. நான் பொய் சொல்றேன்னு அவன் சொன்னதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க."

ரபாயேல் கம்பைக் கீழே போட்டார். அன்று அடுப்பு மூட்டியதும் சோறு வடித்ததும் அவர்தான். மார்ஜரி சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு நிழல் வலைக்குள் புகுந்தாள். எட்டரைக்குமேல் ரிவர்ஸ்டன் பக்கமிருந்து காற்று இறங்கிவிடும். அந்த நெருக்கத்தில் இலை நூல் பருமன் ஆடினாலும் படம் போச்சு. முதல் நாள் அறுபத்துநான்கு படம் எடுத்தாள். மூன்று மட்டும் தேறின. லென்ஸ் தானாகக் கூர்மையைத் தேடி முன்னும் பின்னும் இரைந்தது, அதை நிறுத்தினாள். எல்லாம் தெளிவாக விழட்டும் என்று லென்ஸின் ஒளித் துவாரத்தை f/22 வரை இறுக்கினாள். படம் முழுவதுமே மழுங்கிப்போனது. f/11இல் வைத்தபோதுதான் சரிவந்தது. கூர்மையாக்கும் திருகு வளையத்தைத் தொடுவதையும் விட்டாள். முழங்கையை இடுப்பில் ஊன்றி, மூச்சை விட்டு, உடம்பை மயிரிழை முன்னே சாய்த்து, மணியின் விளிம்பு பளிச்சிடும் நொடியில் அழுத்தினாள். கோபம் மூண்ட நாட்களில் படம் அசைந்தே விழுந்தது. அதற்காகவும் ஷெல்டனைத் திட்டிக்கொண்டாள்.

இலைக் காம்பை உடுப்புக் கிளிப்பால் ஒரு மூங்கில் குச்சியில் பிடித்தாள். டோர்ச் வெளிச்சம் மணிமேல் சுள்ளென்று விழாதிருக்க, கழுவிய யோகட் கோப்பையின் அடியை வெட்டி டோர்ச்சின் முகத்தில் கவிழ்த்தாள். ஒன்பது மணிகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றும் இருந்த இலையின் காம்பில் நிற நூல் கட்டி எண் கொடுத்தாள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அடிமட்டம் விழவேண்டும் என்பது அவள் விதி. வேலியோரத்துக் காட்டு வெற்றிலையில் உண்மையான பூச்சி முட்டைகள் இருந்தன. ஒப்பிட்டுக் காட்ட அவற்றையும் பத்தாம் இலக்கமாகச் சேர்த்தாள்.

ஆறாம் நாள் நான்காம் இலக்க மணியை ஓர் எறும்பு கடித்துத் தூக்கிப் போனது. அதையும் படம் எடுத்து, கொப்பியில் எழுதினாள். அதே நாள் வெற்றிலை முட்டைகள் பொரித்து, கூடுகள் வெறுமையாய்க் கிடந்தன.

இரண்டு வாரமும் ரபாயேல் வலையின் காற்றுப் பக்கத்தில் சாக்கு விரித்துப் பிடித்தபடி நின்றார். ஒருமுறை, "இப்பத் தெரியுதா?" என்று கேட்டார்.

"எனக்கு எப்பவுமே தெரியும். நீங்கதான் பாக்கல."

22ஆம் திகதி வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஷெல்டன் வந்தான். உக்குவளைக்குப் போகும் லொறி வாசலில் நின்றது. மார்ஜரி கெமராவை அவன் கையில் கொடுத்தாள்.

"தட்டிக்கிட்டே போங்க சேர்."

முதல் நாள்: கண்ணாடி உருண்டை, இலைத் தோலிலிருந்தே எழும்பிய குட்டிக் காம்பில் நின்றது. ஒன்பதாம் நாள் கலங்கியது. பதினான்காம் நாள் கருகிச் சுருங்கியது. மீதியிருந்த எட்டு மணிகளிலும் ஒரு துளை இல்லை, ஒரு புழு இல்லை. அடுத்து வெற்றிலை முட்டை: காம்பு இல்லை, பசை போட்டு ஒட்டியது, ஆறாம் நாள் திறந்த கூடு.

ஷெல்டன் மூன்று தரம் முன்னும் பின்னும் தட்டினான். பிறகு பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து, பாத்திக்குப் போய்க் குனிந்தான். நிமிர்ந்து வந்தபோது காது சிவந்திருந்தது.

"சரி மிஸ். 2,388ஐயும் பாஸ் பண்றேன். படம் நல்லா வந்திருக்கு, எனக்கு அனுப்புங்க. பயிற்சி வகுப்புல போடலாம்."

"மொதல்ல புத்தகத்தைத் தெறங்க. அ பாத்தி."

"அதான் முடிஞ்சு போச்சே மிஸ்."

"பூச்சி முட்டைனு எழுதியிருக்கு. நாளைக்கு யாரு பாத்தாலும் நான் நோய்க் கன்னு வளத்தவ. எழுதினது பிழைனு எழுதுங்க."

"மேல கேப்பாங்க..."

"கேக்கட்டும். என்கிட்ட எல்லாரும்தான் கேட்டாங்க."

"மார்ஜரி, அதான் பாஸ் ஆயிருச்சே," என்றார் ரபாயேல் மெல்ல.

"நீங்க பேசாதீங்க."

லொறிக்காரர் ஒருமுறை ஹோர்ன் அடித்தார். மார்ஜரி வாசலை மறித்து நின்றாள். ஷெல்டன் மேசையில் குனிந்து, பழைய வரியை ஒற்றைக் கோட்டால் வெட்டினான். அதன் கீழே எழுதினான்: பூச்சி முட்டை அல்ல, செடியின் சுரப்பி, பரிசோதிக்காமல் எழுதப்பட்ட பிழை. மார்ஜரி இரண்டு தரம் வாசித்தாள்.

"திகதி?"

திகதி போட்டான். கையெழுத்தும் போட்டான்.

"படம் அனுப்புறேன் சேர். ஒவ்வொண்ணுக்குக் கீழயும் 812 கன்னு எரிஞ்சதுனு எழுதித்தான் அனுப்புவேன். அதோட சேத்துத்தான் வகுப்புல காட்டணும்."

ஷெல்டன் உருப்பெருக்கியைப் பைக்குள் திணித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.

கன்றுகளை ஏற்றி முடிக்கப் பன்னிரண்டாகியது. லொறி 3,200 கன்றுகளுக்கென்று பேசியது. பின்பக்கத்தில் நான்கடி இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் தட்டுகள் சரிந்துவிடும்.

"கயிறு கட்டிரவா?" என்று கேட்டார் ரபாயேல்.

மார்ஜரி காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே, "இறுக்கிக் கட்டுங்க" என்றாள்.