முக்கால் எழுதிய லீவு லெட்டர்

மிஷின் எண்ணெய் போகக் கையைத் தேய்த்துக் கழுவுகிறார். துணியில் துடைத்து, மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவுகிறார். அப்புறம்தான் போனைத் தொடுவார். காலையில் மூன்று தரம், மத்தியானம் இரண்டு தரம். கல்லூரி உதவித்தொகை ஆபீசிலிருந்து ஒன்றும் வரவில்லையென்றால் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. ஏதாவது வந்திருந்தால் படிப்பதற்கு முன்பே முகம் வெளுத்துவிடும். பாதி நாள் அது ஏதோ துணிக்கடை விளம்பரமாக இருக்கும்.

லேத் பட்டறையில் அவருக்கு முக்கால் என்று பெயர். இருபத்தாறு வருஷமாக இரும்பு கடைகிறவர். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மகள் கல்லூரிக்குப் போவது முழுக்க அரசாங்க உதவித்தொகையில். அதன் விதிகளை மிஷின் ஓட ஓட முணுமுணுப்பார். வருகை நூற்றுக்கு எழுபத்தைந்து, அதாவது முக்கால். வேறு படிப்பில் சேரக் கூடாது. நடுவில் நின்றால் அத்தோடு போயிற்று, திரும்பக் கிடைக்காது.

"எழுபத்தஞ்சுல ஒரு நூல் குறைஞ்சாலும் தூக்கிப் போட்ருவாங்க" என்பார், கடைந்த துண்டை அளந்துகொண்டே.

"அண்ணே, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்று பக்கத்து மிஷின்காரன் சீண்டுவான்.

"படிக்காததாலதான்டா பயம்."

போன மாதம் மகளுக்குக் காமாலை. பெற்றவர் கைப்பட லெட்டர் வேண்டும் என்றது கல்லூரி. பட்டறையில் ஒருவன் வேலைக்கு வராவிட்டால் 'நின்னுட்டான்' என்பதுதான் பேச்சு. இன்று நின்றவன் நாளை வந்து நிற்பான். இவரும் அப்படியே எழுதினார்: 'மகளுக்குக் காமாலை. இன்று முதல் நின்றுவிட்டாள்.'

இருபதாம் நாள் மகள் தேறி வகுப்புக்குப் போனாள். வருகையும் எழுபத்தெட்டு. நேற்று போனில் வந்தது: 'மாணவி படிப்பை இடையில் நிறுத்தியதால் உதவித்தொகைக்குத் தகுதியில்லை.' மிஷினை அணைக்காமலே வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இன்று மகளோடு ஆபீஸ் ஜன்னலில் நிற்கிறார். உள்ளே இருக்கும் அம்மாள் பழைய லெட்டரைக் காட்டினாள்.

"உங்க கையெழுத்துதானே ஐயா?"

"ஆமாம்மா. ஆனா நின்னுட்டாள்னா லீவும்மா. எங்க பட்டறைல..."

"எனக்குப் புரியுது. கமிட்டிக்குப் புரியணுமே. வேற எழுதிக் குடுங்க, பொண்ணு எழுதி நீங்க கையெழுத்துப் போட்டாலும் போதும், அனுப்பறேன். பத்து நாள் ஆகும். அவங்க ஒத்துக்கிட்டாதான்."

மகள் எழுதினாள். முக்கால் ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரல் வைத்தார்.

"'விடுப்பு'ன்னு இருக்கு. இதுக்கு இங்க வேற அர்த்தம் ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்லைங்க."

"'குணமடைந்து'?"

"இல்லைங்கய்யா."

"'தகப்பன்'?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, கையெழுத்துப் போடுப்பா" என்றாள் மகள் மெதுவாக.

போட்டார். எழுத்து நெளிந்து கோட்டுக்குக் கீழே இறங்கியது. அந்த அம்மாள் தாளை உள்ளே இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். தாளின் முனையில் அவருடைய கட்டைவிரல் அழுந்தி இருந்தது, நகம் வெளுக்க.